திங்கட்கிழமை ஊர்கள்

எங்கள் ரெனோ நாலு காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால் வரும் மணம் உங்களுக்கு மறந்திருக்காது. பெற்றோல், வெயிலில் காய்ந்த றப்பர், எங்களுக்கு முதல் வைத்திருந்த யாரோ ஒரு கமக்காரர் ஏற்றி இறக்கிய வைக்கோல், அதற்கு மேலால் எங்கள் வீட்டு இடிசம்பல். கியர்த் தடி காலடியில் இருக்காது, டாஷ்போர்ட்டில் இருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். இழுத்து, திருகி, தள்ள வேண்டும். யன்னல் கண்ணாடியை இறக்க முடியாது, பக்கவாட்டில் நகர்த்தத்தான் முடியும். அந்த அரை இடைவெளிக்குள்ளால் கமெராவை நீட்டி என் மனைவி எடுத்த படங்கள் பலவற்றில் கண்ணாடி விளிம்பு ஒரு மங்கல் கோடாக விழுந்திருக்கும். அதைப் பிழை என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டா. "அது கார். கார் இல்லாமலே வந்தனாங்கள்?" என்பா.

ஓட்டுவது நான், கமெரா அவவுடையது. பென்டாக்ஸ் கே1000. பாரிஸில் பஸ்தில் பக்கம் போமார்ஷே புல்வாரில் அப்போது வரிசையாகக் கமெராக் கடைகள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த லைக்காக்களைப் பார்த்தோம், கையில் இருந்த பிராங்கை எண்ணினோம், கடைக்காரர் மூலையிலிருந்து எடுத்துத் தந்ததை வாங்கிக்கொண்டு வந்தோம். அந்தக் கமெராவுக்குப் பற்றரி, வெளிச்சம் அளக்கிற முள்ளுக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் இரும்பும் வில்லும். ஷட்டர் 'கிளிக்' என்று கொஞ்சாது, 'டக்' என்று விழும். பக்கத்து வயலில் நிற்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். அவவுக்கு அப்போது வீட்டில் இருந்து துண்டுக்கணக்கில் தைக்கிற வேலை. செந்தியே பக்கமிருந்து வெட்டின துணி மூட்டையாக வரும். காலர், கை, பொத்தான் துளை. அந்த விரல்களுக்குக் குவிய வளையம் பெரிய வித்தையாகத் தெரியவில்லை.

எனக்கு றெஸ்ரோரண்ட் குசினியில் கோப்பை கழுவுகிற வேலை. பிறகு சலாட் வெட்டுகிற அளவுக்கு உயர்ந்தேன். திங்கள் செவ்வாய் லீவு. ஞாயிறு இரவு கடைசி மேசை எழும்பி, ஜவெல் தண்ணி ஊற்றிக் குசினித் தரையைத் தேய்த்து, கடைசி ஆர்இஆர் றெயிலில் செவ்ரான் வீட்டுக்கு வந்து சேர்ந்தால், இவ மேசையில் சுடுதண்ணிப் போத்தலையும் பாணையும் எடுத்து வைத்துக்கொண்டு இருப்பா. எங்கே போகிறோம் என்று நானும் கேட்பதில்லை, அவவும் சொல்வதில்லை. அகதிப் பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், ஒன்றைத் தவிர, என்று எழுதியிருக்கும். அந்த ஒன்று இல்லை என்றான பிறகு மற்றது எங்கே என்றால் என்ன? மூன்று மணித்தியாலம் நித்திரை கொண்டு, விடியமுன் வெளிக்கிட்டுவிடுவோம்.

போர்த் தோர்லெயானால் வெளியேறி என்20 வீதி. எத்தாம்ப் வரும்போது கண்ணாடியில் பனி வழியும், மேட்டில் கினெத் கோபுரம் உடைந்த வாயோடு நிற்கும். அதுதான் எங்களுக்கு எல்லைக் கல். அதைத் தாண்டினால் போஸ் சமவெளி, கண்ணுக்கு எட்டின மட்டும் கோதுமை. தூரத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு சேர்ச்சுக் கூர், அவ்வளவுதான். அங்கே அவ கமெராவைத் தொடவே மாட்டா. "இஞ்ச ஒண்டும் விழேல்லை" என்பா. விழுந்திருக்க வேண்டும் அவவுக்கு. கூரை விழுந்த வீடு, மதில் விழுந்த தோட்டம், மணி விழுந்த கோபுரம்.

மிஷெலின் வரைபடம் அவவின் மடியில். மஞ்சள் மட்டை, ஒரு சென்ரிமீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர். சிவப்புக் கோடு பெரிய வீதி, மஞ்சள் அதற்கு அடுத்தது, வெள்ளைதான் கிராமத்து ஒழுங்கைகள். காட்சி அழகான பாதைக்கு ஓரத்தில் பச்சைக் கரை போட்டிருப்பார்கள். அந்தப் பச்சைக்கு மட்டும் அவ விடமாட்டா. "அழகெண்டு அவங்களே சொல்லிப்போட்டாங்கள். பிறகு நாங்கள் போய் என்ன பாக்கிறது?" வெள்ளைக் கோட்டில் இறங்கிவிட்டால் வரைபடத்தை மடித்துப் பின்சீற்றில் எறிந்துவிடுவா. அதற்குப் பிறகு ஒரே சட்டம்தான்: சந்தி வந்தால் மாடுகள் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கின்றனவோ அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். லிமூசான் மாடுகள், எங்கள் செம்பாட்டு மண்ணின் நிறம். இரண்டு மாடு இரண்டு பக்கம் பார்த்தால் நான் காரை நிற்பாட்டிவிட்டு ஒரு சிகரெட் பத்துவேன். ஏதாவது ஒன்று எழும்பும்தானே.

நீங்களும் ஒருமுறை பின்சீற்றில் இருந்தீர்கள் என்றே எனக்கு நினைப்பு. நீங்கள்தான் கேட்டீர்கள், ஏன் இந்த ஊர்களில் ஒரு சனத்தையும் காணவில்லை என்று.

காரணம் எளிது. எங்களுக்குத் திங்கள் லீவு என்றால் பிரெஞ்சுக் கிராமத்துக்கும் திங்கள் லீவு. ஞாயிறு காலை திறந்த பேக்கரி திங்கள் பூட்டு. இறைச்சிக்கடை பூட்டு. சலூன் பூட்டு. திறந்திருக்கிற ஒன்றிரண்டும் பன்னிரண்டுக்குச் சாத்தினால் இரண்டு மணிக்குத்தான் திறக்கும். அதனால் எங்கள் படங்களில் மனிதர்கள் குறைவு. நீல நிறம் உரிந்த மரக் கதவுகள், இழுத்து மூடின இரும்புச் சட்டங்கள், கதிரைகளைக் கவிழ்த்து வைத்த கபே, வாசலில் ஒரு பூனை. ஊர்ச் சதுக்கத்தில் 1914-18 போரில் செத்தவர்களின் பெயர் வெட்டின கல், அதில் ஒரே குடும்பப் பெயர் நாலு தரம், ஐந்து தரம். வாசித்துப் பார்த்தால் அந்தச் சின்ன ஊரில் உயிரோடு இருக்கிறவர்களைவிடக் கல்லில் இருக்கிறவர்கள் கூட என்று தோன்றும்.

ஆனால் சத்தம் இருந்தது. பெருந்தெருவை விட்டு உள்ளே உள்ளே போனால், பதினொரு மணியளவில் ஒரு ஹோர்ன் கேட்கும். பாண் வான். ஹோர்னை விட்டு விட்டு அமத்திக்கொண்டு வருவார். பூட்டிக் கிடக்கிற கதவுகள் திறந்து, பூப்போட்ட மேலங்கியோடு கிழவிகள் சப்பாத்தை இழுத்து இழுத்து வெளியே வருவார்கள். வானின் பின்கதவு திறந்ததும் வருகிற மணத்துக்காகவே நாங்களும் போய் வரிசையில் நிற்போம். எங்கள் ஊரில் பாண்காரர் சைக்கிள் பெட்டியோடு வருவார், படலையடியில் மணி அடிப்பார். இங்கே ஹோர்ன். பாணுக்கு ஓடுகிற கால் இரண்டு இடத்திலும் ஒரே கால். சுடச்சுட வாங்கின நீளப் பாணை முறித்து, இடிசம்பலை உள்ளே வைத்து, ஏதாவது இடிந்த மதிலில் ஏறி இருந்து சாப்பிடுவோம். செத்தல் மிளகாயும் தேங்காயும் கல்லில் வளர்ந்த பாசியும் சேர்ந்து ஒரு மணம். அதை எந்தக் கமெராவும் பிடிக்காது.

பிலிம் வருகிற கறுப்புக் குப்பி இருக்கிறதே, சாம்பல் மூடியோடு, அது வீட்டில் நிறைய. ஒன்றில் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து அவவின் கைப்பையில் எப்போதும் இருக்கும். கவனிக்க ஆளில்லாத தோட்டங்களில் அப்பிள் காய்த்துக் கொட்டுண்டு கிடக்கும், பல் கூசுகிற புளிப்பு. வெட்டித் தொட்டுத் தின்றால் மாங்காய் மறந்துபோகும் என்று சொல்லமாட்டேன். மறக்கவில்லை. ஆனால் தின்றோம். ஆவணிக் கடைசியில் வேலியெல்லாம் கறுப்பு முள்ளுப்பழம். இவ ஆய, நான் தின்ன, விரலெல்லாம் ஊதா. அந்த விரலோடு கமெராவைத் தொடுவா. பென்டாக்ஸின் தோலுறையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

இன்னொரு சத்தம், மணி. சில நாட்டுப்புறச் சேர்ச்சுகளில் ஒரு மணியை இரண்டு தரம் அடிப்பார்கள். நாலு மணி என்றால் நாலு அடி. ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத் திரும்பவும் நாலு அடி. வயலில் நிற்கிறவன் முதல் தரம் எண்ணத் தவறியிருந்தால் இரண்டாம் தரம் எண்ணிக்கொள்ளட்டும் என்று. முதல் தரம் கேட்டதும் இவ வெளிச்சத்தைப் பார்ப்பா, இரண்டாவது அடிக்குள் படம் எடுத்து முடிப்பா. நான் அதை ஒரு விளையாட்டென்று நினைத்திருந்தேன்.

க்ரோசானுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்ததும் அப்படித்தான், மாடு பார்த்த பக்கம். அர்ஜோந்தோன் தாண்டி எங்கேயோ திரும்பி, பெரணிச் செடிக் காட்டுக்குள்ளால் இறங்கி, வளைந்து, திடீரென்று கீழே ஆறு. க்ரேஸ் ஆறும் செதெல் ஆறும் சேருகிற முனையில், பாறை நாக்கின்மேல், நீளமாக ஒரு கோட்டை விழுந்து கிடக்கிறது. ஒவ்வொரு கோபுரமும் ஒவ்வொரு அளவுக்கு இடிந்திருக்கிறது. உள்ளுக்குள் சின்னக் காகங்கள் கூடு வைத்து ஒரே கத்தல். ஈரக் கல், வௌவால் எச்சம், வெயில் பட்ட ஊதாப் புதர். இவ காரை விட்டு இறங்கினவ, நான் காரை ஓரங்கட்டிவிட்டு வரும்போது பாதிப் பாறை ஏறியாயிற்று. "இஞ்சேருங்கோ, அந்தச் சுருளைக் கொண்டு வாங்கோ!" என்று மேலே இருந்து சத்தம். முப்பத்தாறு படச் சுருள் ஒன்று ஒரு பயணத்துக்கு என்பது எங்கள் கணக்கு. அன்றைக்கு மட்டும் அந்தக் கணக்கு உடைந்தது.

அந்த இடத்துக்கு எங்களுக்கு முதலே கண்வைத்தவர்கள் கனபேர் என்று பிறகு வாசித்துத்தான் தெரிந்தது. 1889 வசந்தத்தில் பக்கத்து ஃபிரெஸ்லினில் மோனே வந்து தங்கி, அங்கே இரண்டு ஆறு கலக்கிற இடத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். மாரியில் தொடங்கின ஒரு படத்தில் மொட்டையாக நின்ற ஓக் மரம், சித்திரை போய் வைகாசி பிறக்கவும் துளிர்த்துவிட்டது. மனிதர் விடவில்லை. காணிக்காரருக்குக் காசு கொடுத்து, ஆள் வைத்து, அந்த மரத்தின் இலையெல்லாம் பிடுங்குவித்துவிட்டு மிச்சத்தை வரைந்து முடித்தார். இவவிடம் இதைச் சொன்னபோது, "அடுத்த மாசி மட்டும் பொறுத்திருக்கலாம்தானே" என்றா. கியோமான் என்று இன்னொரு ஓவியர், 1891இல் லொத்தரில் ஒரு லட்சம் பிராங் விழ, சம்பளத்துக்கு வேலை செய்வதை விட்டுவிட்டு க்ரோசானிலேயே வருடம் வருடமாக வரைந்துகொண்டிருந்தார். பிறகு 1926இல் கீழே எகுசோனில் அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறி வந்து கோட்டையின் காலடியில் நின்றுவிட்டது. கியோமான் சாவதற்கு ஒரு வருடம் முதல். அவர் வரைந்த பாறையும் நுரையும் பல இடங்களில் இப்போது தண்ணீருக்கு அடியில்.

இடிபாடுகளில் அரசாங்கம் கண்வைத்த கதை இன்னும் பழையது. 1851இல் பிரெஞ்சு அரசின் புராதனச் சின்னக் குழு ஐந்து படப்பிடிப்பாளர்களை நாடு முழுக்க அனுப்பி, இடிந்தும் இடியாமலும் நின்ற பழைய கட்டிடங்களைப் படமாக்கச் சொன்னது. அவர்களில் லு க்ரேயும் மெஸ்திராலும் சோடியாகவே போனார்கள். எல்லோருக்கும் கையில் பட்டியல் இருந்தது. எதை எடுக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்து கொடுத்த படங்களை வாங்கி லாச்சிக்குள் வைத்ததோடு சரி, வெளியிடவில்லை. எங்கள் வீட்டிலும் அலுமாரிக்கு மேல் பெட்டி பெட்டியாக அப்படித்தான் கிடந்தது. பட்டியல் மட்டும்தான் இல்லை.

ஒரு மழைநாள். கார் சேற்றில் சில்லு இறுகி, தள்ளிவிட ஆள் தேடிப் போன வளவில் ஒரு கிழவி. தன்னுடைய ட்ராக்டரைத் தானே எடுத்துவந்து இழுத்துவிட்டார். கை கழுவ மாட்டுக் கொட்டிலுக்குள் கூட்டிப்போனார். அங்கே, சாணி மணத்துக்கு நடுவில், சாதாரணக் கல்லுச் சுவரில் ஒரு கல் மட்டும் வேறு. திராட்சைக் கொடி, அதற்குள் தாடி வைத்த ஒரு முகம். மாடு உரஞ்சி உரஞ்சி மூக்கு வழுவழுத்துப் போயிருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மடத்திலிருந்து என்று கையை எங்கேயோ காட்டினார். 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்தெல்லாம் நாட்டுடைமையாக்கி, பிறகு ஏலத்தில் விற்றார்கள். வாங்கினவர்களில் பலருக்கு மடம் தேவையில்லை, கல்தான் தேவை. ரோமின் பேதுரு தேவாலயம் எழும்பும்வரை கிறிஸ்தவ உலகத்திலேயே பெரியதாக இருந்த க்ளூனி மடத்துத் தேவாலயத்தையே 1798இல் வாங்கினவர்கள் கல் கல்லாகக் கழற்றி விற்றார்கள். பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. அப்படியிருக்க, பெயர் தெரியாத ஒரு மடத்துச் சிற்பம் மாட்டுக்கொட்டிலுக்கு வந்ததில் என்ன புதுமை? இவ அந்தக் கல்லை எடுத்தா, மாட்டின் காதும் சேர்த்து.

கிழவி உருளைக்கிழங்குப் பை வெட்டித் தந்தார், மேல் மாவைக் கீறிப் பாலாடை ஊற்றினது. எந்த ஊர் என்று கேட்டார். செவ்ரான். அதுக்கு முன்னம்? சிலோன். "ஆ, தேயிலை!" யாழ்ப்பாணத்தில் பிறந்த நாங்கள் இரண்டு பேரும் அதுவரைக்கும் ஒரு தேயிலைச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. ஓமென்று தலையாட்டினோம். சுவரில் ஒரு பழைய படம், மீசைக்காரர், கையில் சாந்தகப்பை. அவருடைய பாட்டனாம், பாரிஸில் மேசன். க்ரேஸ் மாவட்டமே ஒரு காலத்தில் மேசன்மாரின் மாவட்டம்தான். மாரி முடிய, பங்குனியில், ஆம்பிளைகள் கூட்டமாகப் பாரிசுக்கு நடப்பார்கள். கார்த்திகையில் காசோடு திரும்புவார்கள். மார்த்தான் நாதோ 1830இல் பதினான்கு வயதில் அப்பாவோடு அப்படி நடந்து போனவர். பிற்காலத்தில் நாடாளுமன்றம் போய், அந்த நடையையும் எழுதி வைத்தார். ஊஸ்மான் பாரிஸை இடித்துக் கட்டின காலத்தில் இவர்களுக்கு ஓயாத வேலை. றெயில் வந்த பிறகு கார்த்திகையில் திரும்பத் தேவையில்லாமல் போயிற்று. பெண்சாதி பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். 1851இல் 2,87,000 பேர் இருந்த மாவட்டத்தில் இன்று 1,16,000 அளவில்தான் சனம். பாரிஸில் நான் கோப்பை கழுவின கட்டிடத்தின் சுவரைக் கட்டினவர்களின் வீடுகள்தான் இங்கே கூரை இல்லாமல் நிற்கின்றன. இதைக் கிழவியிடம் என் அரைகுறைப் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன். அவர் விளங்கிக்கொண்டாரோ தெரியாது, இன்னொரு துண்டு பை வைத்தார்.

அந்தக் கிழவியிடம்தான் இவ ஒரு விசயம் பழகினா. காட்டுக்குள் காஞ்சோண்டி அடர்த்தியாக நின்றால் அங்கே முந்தி வீடு இருந்திருக்கும். மனிதரும் மாடும் இருந்து உரமேறின மண்ணைத்தான் அது தேடி வளரும், வீடு போய் நூறு வருடமானாலும் விடாது. ஒரு லைலாக் செடி தனியே பூத்து நின்றால் அது வாசல். அதற்குப் பிறகு கோட்டை, மடமெல்லாம் இவவுக்கு இரண்டாம்பட்சம். காட்டுக்குள் காஞ்சோண்டி தேடி இறங்கிவிடுவா. காலெல்லாம் தடித்துச் சிவக்கும். "நீர் அதில நில்லும், நான் முன்னால போய் மிதிச்சுவிடுறன்" என்று தடியோடு நான் முன்னுக்கு. அப்படிப் போனால் ஒரு படிக்கட்டு, மூன்று பக்கச் சுவர், அடுப்புப் புகைபட்ட கறுப்பு. அந்தக் கறுப்பைத்தான் அவ எடுப்பா.

ஒராதூர்-சூர்-கிளானுக்கு நாங்கள் தேடிப் போகவில்லை. லிமோஜ் பக்கம் பனிக்குள் வழி தவறி, அடுத்து வந்த பலகையில் பெயரைப் பார்த்தோம். 1944 ஜூன் 10இல் எஸ்எஸ் படை புகுந்து 640க்கும் மேற்பட்ட சனத்தைக் கொன்று, எரித்துவிட்டுப் போன ஊர். போருக்குப் பிறகு அதை அப்படியே விடுவதென்று முடிவெடுத்து, பக்கத்தில் வேறு ஊர் கட்டினார்கள். வாசலில் மௌனமாயிருக்கச் சொல்லி ஒரு பலகை. உள்ளே ட்ராம் தண்டவாளம், மேலே கம்பிகூட இருக்கிறது. எரிந்த கார். வீட்டுக்கு வீடு, சுவரோரத்தில், துருப்பிடித்த தையல் மெசின். கால்மிதி, சில்லு, தலை எல்லாம் அப்படியே. இவ கமெராவின் மூடியைக் கழற்றவில்லை. ஒவ்வொரு மெசின் முன்னாலும் நின்று பார்த்தா, நடந்தா. காருக்கு வந்த பிறகும் கனநேரம் கதைக்கவில்லை. எத்தாம்ப் கோபுரம் தாண்டும்போதுதான் வாயைத் திறந்தா: "எங்கட அம்மான்ர மெசின் ஊசாவா, சிங்கரா?" நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போன காலத்தில் அது சுவாமி அறைக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணியால் மூடி இருந்தது. சிங்கர் என்றேன்.

யாழ்ப்பாணத்து மயிலிட்டி வளவை விட்டு அவவின் ஆட்கள் வெளிக்கிட்டது 1990 ஆனியில். 2017இல் ஆமி விட்ட காணிகளுக்குள் அதுவும் வந்தது. மச்சான் போய்ப் பார்த்துவிட்டு போனில் படம் அனுப்பினார். வீடில்லை. கிணற்றுக்கட்டில் பாதி, எருக்கலை, நாயுருவி, ஈச்சம்பற்றை. நான் பார்த்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் போனை அவவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, பெருப்பித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தா. "உச்சி வெயிலுக்க எடுத்திருக்கிறார். ஒண்டும் தெரியேல்லை. பின்னேரம் போய் எடுக்கச் சொல்லுங்கோ."

தொடக்க காலச் சுருள்கள் கோடாக்குரோம். விலையிலேயே கழுவுகிற காசும் சேர்ந்திருக்கும், கவரில் போட்டு அனுப்ப வேண்டும். கவரில் இருந்த விலாசம் எங்கள் செவ்ரான்தான். நடந்து போகிற தூரத்தில் கோடாக் ஆலை இருக்க, சுருள் தபாலில் போய்த் தபாலிலேயே திரும்பும், சின்னப் பெட்டிக்குள் மட்டைச் சட்டம் போட்ட ஸ்லைட்டுகளாக. 1925இல் தொடங்கின ஆலையை 1995இல் மூடினார்கள். கட்டிடங்களை இடித்து, மருந்து ஊறின மண்ணைத் துப்புரவாக்கி, காடு வளரவிட்டார்கள். இப்போது அது சனம் நடக்கிற பூங்கா. பின்னேரத்தில் நாங்களும் அங்கேதான் நடக்கிறோம். இவவின் முழங்காலுக்குப் பாறையெல்லாம் இனிச் சரிவராது, இது தரை. இங்கேயும் ஒரு மூலையில் காஞ்சோண்டி. ஆலைக்குள் எங்கே கன்ரீன் இருந்திருக்கும் என்று அதை வைத்து நாங்கள் இரண்டு பேரும் தர்க்கம் பண்ணுவதுண்டு.

போன கோடையில் மகள் தன் காரில் கூட்டிப்போனாள். இப்போது என்20 வழியாக இல்லை. வியர்சோனிலிருந்து ஏ20 பெருஞ்சாலை, ஊர்களை ஓரத்தில் விட்டுவிட்டு ஓடுகிறது. போனில் ஒரு பெண் இடது வலது சொல்லிக்கொண்டே வர, இவ முன்சீற்றில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. க்ரோசான் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு எத்தனை கல் விழுந்திருந்ததோ அத்தனைதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாழடைந்தது என்று நாங்கள் தேடித் தேடி எடுத்ததெல்லாம் பத்திரமாக நிற்கிறது. பாண் வான்காரர் இல்லை. சதுக்கத்தில் ஒரு மெசின், கார்டைக் காட்டினால் நீளப் பாண் ஒன்றைத் துப்புகிறது, பாதிச் சூடு. கபே இல்லை. ரெலிபோன் பெட்டி நிற்கிறது, உள்ளே ரெலிபோன் இல்லை, யார் வேண்டுமென்றாலும் எடுக்கலாம் என்று பழைய புத்தகங்கள் அடுக்கியிருக்கிறார்கள். கொழும்பில் இருந்த அக்காவுக்கு அப்படி ஒரு பெட்டிக்குள் நின்றுதான் இவ கதைப்பா, ஐம்பது அலகுக் கார்ட், சின்னத் திரையில் அலகு ஒவ்வொன்றாகக் குறையக் குறைய, "வேற என்ன, வேற என்ன" என்று அவசரப்பட்டுக்கொண்டு. மாடுகள் வேலிக்கு அப்பால் நின்று கேட்கும். நாங்கள் இம்முறை போனது சனிக்கிழமை, காலை பத்து மணி. கதவெல்லாம் பூட்டு. அன்று திங்கட்கிழமை மட்டும் மூடியிருந்த ஊர்களுக்கு இப்போது ஏழு நாளும் திங்கட்கிழமை. மகள் படம் எடுத்தாள், கணக்கில்லாமல். இவ ஒன்றும் எடுக்கவில்லை, பாண் மெசினைத் தவிர.

இப்போது மகள் பெட்டிகளை இறக்கி ஸ்லைட்டுகளைக் கணினிக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்தவை சிவந்து வெளிறிப்போயின. கோடாக்குரோம் இருட்டுக்குள் இருந்தால் நிறம் இறங்காது, மாடுகள் அன்றைய செம்மையிலேயே நிற்கின்றன. அவளுக்கு ஒவ்வொன்றுக்கும் இடமும் திகதியும் வேண்டுமாம், இல்லாவிட்டால் தேடி எடுக்க ஏலாதாம். அம்மாவைக் கேட்டால், "இது எறும்பு ஏறின பாண்" என்கிறா. என்னைக் கேட்டால் அது கார் இறுகின இடம். இல்லை, கார் இறுகினது மழைக்கு, இதில் வெயில் எறிக்குது, உங்களுக்கு ஒண்டும் ஞாபகமில்லை என்று அவ. சிகரெட் பத்தின சந்தி என்று நான் ஒன்றைக் காட்ட, நீங்கள் எந்தச் சந்தியிலதான் பத்தேல்லை என்று கேட்கிறா. மகள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். இன்று காலை பார்த்தால் எல்லாக் கோப்புக்கும் 'பிரான்ஸ், பல இடங்கள்' என்று ஒரே பெயர் வைத்து, எங்களைக் கேட்காமலே அடுத்த பெட்டியைத் திறந்துவிட்டாள்.